பிறந்த நேரம்

நம்மவர் வீட்டில் குழந்தை பிறந்ததும் முதலில் எழும் கேள்வி, "எத்தனை மணி, எத்தனை நிமிஷம்?" என்பதே. பிள்ளை பால் குடித்ததா என்பது அதற்குப் பின்னரே வரும். அந்த நிமிஷக் கணக்கு ஜோசியர் கையிற்போய்க் கட்டங்களாகி, மஞ்சள் தடவப்பெற்றுப் பெட்டியில் அடைபடுகின்றது. அதே நேரத்தை மெய்யாகவே வேண்டி நிற்கும் அட்டவணை வேறொன்று உண்டு. அதன் சரித்திரத்தைத் தோட்டத்தாரும் பட்டணத்தாரும் அறிதல் அவசியமென்று கருதியே இதனை எழுதத் துணிந்தேன்.

சிசுக்களுக்கு வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலும் தானே தணிவது. எனினும் பிலிருபின் என்னும் மஞ்சட்பொருள் இரத்தத்தில் அளவு கடந்தால் மூளையிற் படிந்து செவியைக் கெடுக்கும், அங்கங்களை முடக்கும், உயிரையும் வாங்கும். இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் ஜில்லாவைச் சேர்ந்த ராச்ஃபோர்டு ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகளை வெயிலிற் கிடத்தும் வழக்கமுடைய ஜீன் வார்டு என்னும் தாதி, 1956இல் ஒரு குழந்தையை வைத்தியர்களிடம் காட்டினார். அதன் மேனி வெளுத்திருக்க, துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாயிருந்தது. அதனின்று ஆராயப்புகுந்த கிரீமர் முதலியோர் 1958இல் ஒளிச் சிகிச்சையை உலகிற்கு வெளியிட்டனர். "எங்கள் பாட்டியும் இளவெயிலிற் காட்டினாளே!" என்று பெருமை பேசுவார் உளர். காட்டினாள், மெய்தான், அளந்தாளில்லை.

ஒளி கிடைத்தபின்னும், எந்தக் குழந்தைக்கு அபாயம் வரும் என்பதை முன்கூட்டி அறிவது எளிதாயில்லை. 1999இல் பிலடெல்பியாவில் வினோத் பூட்டானியும் அவர்தம் கூட்டாளிகளும் 2,840 குழந்தைகளின் பிலிருபின் அளவைப் பிறந்த மணிக்கணக்கோடு பொருத்திக் கோடுகள் வரைந்து வெளியிட்டனர். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 9 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறந்து 24 மணியில் அது பேரபாயம். 72 மணியிலோ அதே 9 அஞ்சத்தக்கதன்று. ஜோசியர் கட்டத்தில் மணி பிசகினால் யாருக்கு என்ன நஷ்டம்? இங்கே பிசகினால் பிள்ளை போம்.

அக்கோடுகளே பின்னர்க் கணினியில் ஏறின. பிலிடூல் போன்ற மென்பொருள்கள் பிறந்த நேரம், இரத்தம் எடுத்த நேரம், அளவு ஆகியவற்றைக் கேட்டு, குழந்தை எந்த அபாய மண்டலத்தில் உள்ளதென்று உடனே உரைக்கலாயின. இரவெல்லாம் விழித்த வைத்தியரின் மனக்கணக்கு தவறலாம். இது தவறாது, நாம் கொடுக்கும் நேரம் சரியாயிருக்குமளவும்.

நமக்கு இது இருமடங்கு வேண்டுவது. கறுத்த மேனியில் மஞ்சள் கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. ஆகையால் அளத்தலே வழி. சிங்கப்பூரில் 1965 முதல் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி-6-பி-டி என்னும் என்சைமின் குறைவைச் சோதிக்கலாயினர். மலேசியாவிலும் அச்சோதனை வழக்கிலுள்ளது. அக்குறையுள்ள பிள்ளையின் துணியோடு அந்துருண்டை வைப்பது ஆபத்து.

தீவிர சிகிச்சை அறையில் இருக்கும் மிகச் சிறு குழந்தைகளுக்கு வேறு கருவிகள் உண்டு. அமெரிக்காவில் 9 ஆஸ்பத்திரிகளில் 3,003 குழந்தைகளிடம் நடந்த ஆராய்ச்சி 2011இல் வெளிவந்தது. இருதயத் துடிப்பின் மாறுதலைக் கணித்து, நோய்த்தொற்றின் அபாயத்தை ஓர் எண்ணாகக் காட்டியவிடத்து, மரணம் 100க்கு 10.2இலிருந்து 8.1 ஆயிற்று. இன்னது செய்க என்று யந்திரம் கட்டளையிடவில்லை. செய்தவர் வைத்தியரும் தாதியருமே.

சிம்பாங் அம்பாட் பக்கத்தில், வீடு தேடிவந்த தாதி குழந்தை பிறந்த மணியைக் கேட்க, "அந்தச் சீட்டு ஜோசியரிடம் இருக்கிறதம்மா" என்று விடையிறுத்த தகப்பனாரை நான் கண்டிருக்கிறேன்.