எத்தனை கட்டை?

எங்கள் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்கள் ஆறேழு பேர் எப்போதும் உட்கார்ந்திருப்பார்கள். மடியில் முறம், முறத்தில் தூள், பக்கத்தில் ஈரத்துணி மூடிய இலைக்கட்டு. கைவேலைக்குக் கண் வேண்டும், காதும் வாயும் சும்மா இருக்கும். அதனால் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். திருப்பத்தூரில் வளர்ந்த நான் முதன்முதலாகக் கேட்ட இசை விமர்சனம் அந்தத் திண்ணையில்தான். எந்தப் பத்திரிகையிலும் அப்படி ஒன்றை இதுவரை படித்ததில்லை.

விவாதம் பெரும்பாலும் ஒரே ஆளைப் பற்றித்தான் வரும். கே.பி. சுந்தராம்பாள். என் ஆயா அவரைப் பேர் சொல்லிக் குறிப்பிட மாட்டார். "அந்தம்மா" என்பார். சின்ன ஆயா, அதாவது ஆயாவின் தங்கை, "கொடுமுடியா" என்பார், ஏதோ பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவரைச் சொல்வதுபோல.

"அஞ்சு கட்டைடி அது. மைக்கே இல்லாம கடைசி வரிசைக்குக் கேக்கும்."

"அஞ்சா? ஏழுன்னு சொல்லுக்கா. நான் நேர்ல கேட்டவ."

"நேர்ல கேட்டா கட்டையை எண்ணிப் பாத்தியா?"

இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். மறுநாள் மறுபடியும் அதே கேள்வியில் தொடங்குவார்கள்.

பல வருடம் கழித்து, 2008இல், கல்லூரிப் படிப்புக்காக வாய்மொழி வரலாறு சேகரிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு டேப் ரெக்கார்டரோடு அதே திண்ணையில் போய் உட்கார்ந்தேன். அந்த ஒலிநாடாக்களை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அன்று எனக்கு இது வெறும் கிழவிகள் சண்டை. ஒரு பெண்ணின் குரல் எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேள்வியைத்தான் அவர்கள் கட்டைக் கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது ரொம்பப் பிந்தித்தான் உறைத்தது.

முதலில் கட்டை. ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணி வந்த கணக்கு இது. எந்தக் கட்டையை ஷட்ஜமாக வைத்துப் பாடுகிறீர்களோ அது உங்கள் சுருதி. கச்சேரியில் ஆண்கள் பொதுவாக ஒன்று, ஒன்றரை, இரண்டில் பாடுவார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரை. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை இந்திய இசைக்கு ஆகாத கருவி என்று விலக்கியது. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. ஆனால் வித்வான்களும் திண்ணைப் பெண்களும் சுருதியை அளந்தது அந்த விலக்கப்பட்ட பெட்டியை வைத்துத்தான்.

ஐந்து கட்டை என்பது சுருதி மட்டும். அதை வைத்துக்கொண்டு மேலே எவ்வளவு போகிறார், கீழே எவ்வளவு இறங்குகிறார் என்பது வேறு கணக்கு. மந்திர பஞ்சமத்திலிருந்து தார பஞ்சமம்வரை போனால் இரண்டு ஸ்தாயி. திண்ணையில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பேசினார்கள். ஆனால் அவர்களுக்கு வித்தியாசம் தெரியாமல் இல்லை. சின்ன ஆயா ஒருமுறை தெளிவாகவே சொன்னார்: "மேல போறது யாருக்கும் வரும்டி. அவ மேல போயி அங்கியே குந்திகினு பேசுவா." உச்சியைத் தொட்டுவிட்டு ஓடி வருவது ஒன்று. அங்கேயே நின்று சொல்லைச் சொல்லாக உச்சரிப்பது இன்னொன்று. இதைவிடச் சரியாக யாராவது எழுதியிருந்தால் காட்டுங்கள்.

அந்தக் குரல் அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. கொடுமுடியில் 1908இல் பிறந்தவர் சுந்தராம்பாள். கே.பி. என்ற முன்னெழுத்தில் கே ஊர். பி அவருடைய அம்மா பாலாம்பாள். தமிழ்நாட்டின் புகழ்பெற்ற முன்னெழுத்துகளில் ஒன்று அம்மாவின் பெயர் என்பதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. வறுமையில் வளர்ந்த அந்தச் சிறுமி ரயிலில் பாடிக் காசு வாங்கினார். ரயில் பெட்டியில் பாடிப் பழகியவளுக்கு மெல்லிய குரல் எதற்கு உதவும்? ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். வண்டிச் சத்தத்தை மீறிப் பேசுவது எங்களுக்குப் பிறவிப் பழக்கம்.

அப்புறம் நாடக மேடை. ஒலிபெருக்கி வராத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்காத நடிகருக்கு மறுநாள் வேலை இல்லை. அதனால் ஆண்களும் பெண்களின் சுருதிக்கு ஏறிப் பாடினார்கள். எஸ்.ஜி. கிட்டப்பா அப்படி ஏறிப் பாடியவர்களில் முதன்மையானவர். எங்கள் பக்கத்துத் தெருக்கூத்திலும் இதைப் பார்க்கலாம். திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் விடிய விடியப் பெண்வேடம் கட்டுகிற ஆண்கள், முகவீணைக்கு ஈடாக உச்சத்தில் பாடுவார்கள். அவர்களைப் பார்த்து யாரும் "பொம்பளைத் தொண்டை" என்று சொன்னதில்லை. கலை என்றார்கள்.

என்னைச் சொன்னார்கள். எட்டாம் வகுப்புப் பாட்டுப் போட்டியில், "உனக்கு ஆம்பளைத் தொண்டை, பின்வரிசையில் நின்று உதட்டை மட்டும் அசை" என்றார் ஓர் ஆசிரியை. அசைத்தேன். அன்று வீட்டுக்கு வந்து அழுதபோது ஆயா கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை கட்டைன்னு சொன்னாளா?" சொல்லவில்லை என்றேன். "அப்ப அவளுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு இலை வெட்டப் போய்விட்டார்.

கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் 1926இல் இலங்கையில் சேர்ந்து மேடையேறினார்கள். அவர் பக்கத்தில் பாடினால் எடுபட மாட்டாய் என்று கிட்டப்பாவை நண்பர்கள் எச்சரித்ததாகக் கதை உண்டு. இது உண்மையோ பொய்யோ, இந்தக் கதை இத்தனை காலம் உயிரோடு இருப்பதே ஒரு செய்தி. இருவரும் ஒரே சுருதியில் நின்று பாட முடிந்தது. ஒரே ஆர்மோனியம், ஒரே கட்டை. மேடையில் அந்தச் சமத்துவம் இருந்தது. மேடைக்கு வெளியே இல்லை. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். 1927இல் நடந்த திருமணத்தின் பின்னால் சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் அச்சில் வந்திருக்கின்றன. ஊரையே நிறுத்தி வைக்கிற குரல்காரி, வீட்டுக்கு வா என்று கெஞ்சிக் கெஞ்சி எழுதுகிற கடிதங்கள் அவை. பிறந்த குழந்தையும் நிலைக்கவில்லை. 1933 டிசம்பரில், 27 வயதில், கிட்டப்பா இறந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25.

அவர் வெள்ளைப் புடவைக்குப் போனார். இனி ஆண்களோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்.

திண்ணையில் இந்தக் கட்டம் வந்தால் பேச்சு நின்றுவிடும். ஆயாவும் வெள்ளைப் புடவைதான். தாத்தா போனபோது அவருக்கு முப்பத்திரண்டு வயது. அதற்கு முன்பு நடவுக்குப் போனால் முதல் குரல் ஆயாவுடையதாம். அதற்குப் பிறகு, தாலி அறுத்தவள் சத்தம் வாசற்படி தாண்டக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். சாவு வீட்டில் ஒப்பாரிக்கு மட்டும் விலக்கு. ஒலிநாடாவில் ஆயா இதைச் சொல்கிற இடத்தில் பின்னணியில் கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு ஆயாவே தொடர்கிறார்: "அந்தம்மா மட்டும் வெள்ளை கட்டிகினு ஊரெல்லாம் பாடினாங்களே. அவங்களை யாரு கேட்டாங்க?"

கேட்டார்கள், வேறு விதமாக. அந்தக் குரலை யாராலும் அடக்க முடியவில்லை. ஆகவே அதற்கு எந்த உடம்பைக் கொடுப்பது என்று தேர்ந்தெடுத்தார்கள். 1935இல் வந்த 'நந்தனார்' படத்துக்காக அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் பேசப்பட்டது. இந்தியத் திரையுலகில் அதுவரை கேட்டிராத தொகை. அதில் அவர் ஏற்றது ஆண் வேடம், நந்தன். வேதியராக நடித்தவர் பெரிய வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். ஜோடியே வேண்டாத பாத்திரம் என்பதால் விரதத்துக்குப் பங்கமில்லை. 1940இல் 'மணிமேகலை', துறவி. 1953இல் வாசனின் 'ஔவையார்'. 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தி அடிகள், சமணத் துறவி. 1965இல் 'திருவிளையாடல்', மறுபடி ஔவை. ஆண், துறவி, கிழவி, துறவி, கிழவி. காதலும் உடம்பும் இல்லாத இடத்தில் மட்டுமே தமிழ்த் திரை அந்த முழுக் குரலையும் ஒலிக்க விட்டது. அவராகவே விரும்பி எடுத்த முடிவு அது என்று சொல்வார்கள். இருக்கலாம். 25 வயதுப் பெண் வேறு எதை விரும்பியிருந்தால் அவளைத் தாயே என்று கும்பிட்டிருப்பார்கள் என்றும் யோசிக்க வேண்டும்.

ஆனால் ஆயா இதை ஒப்புக்கொள்ளவில்லை. "உனக்கு எல்லாம் குத்தமாவே தெரியும். அவங்க அந்த வெள்ளையைக் கேடயமா வச்சிகினாங்கடி" என்றார். காங்கிரஸ் மேடைகளில் ஆயிரக்கணக்கான ஆண்கள் நடுவே ஒற்றைப் பெண்ணாக நின்று பாடினார் சுந்தராம்பாள். 1958இல் சென்னை மாகாண மேலவையில் உறுப்பினராக உட்கார்ந்தார். 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை 'துணைவன்' படத்துக்காகப் பெற்றார். அப்போது அவருக்கு அறுபது வயது ஆகியிருந்தது. அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ. கேடயம் என்ற சொல்லை நான் இன்றுவரை முழுதாக ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

கச்சேரி மேடையிலும் இதே பேரம் நடந்தது. பெண்களுக்கு வாசிப்பதில்லை என்று இருந்தவர் பாலக்காடு மணி ஐயர். பெண்களின் சுருதிக்கு வேறு மிருதங்கம் வேண்டும் என்பதிலிருந்து கௌரவம்வரை அந்தக் காலத்து வித்வான்களிடம் பல காரணங்கள் இருந்தன. பின்னாளில் டி.கே. பட்டம்மாளுக்கு அவர் வாசித்தார். ராகம் தானம் பல்லவி ஆண்களின் சொத்து என்றிருந்ததை உடைத்தவர் பட்டம்மாள். அவருடைய கனத்த குரலையும் "ஆண்மை" என்ற சொல்லால்தான் பாராட்டினார்கள். பாராட்டிலும் அதே சொல், பழிப்பிலும் அதே சொல்.

மைக் வந்தபின் எல்லாம் மாறியது. உச்சத்தில் கூவ வேண்டிய அவசியம் ஆண்களுக்குப் போனது; அவர்கள் சௌகரியமாக இறங்கிக்கொண்டார்கள். கதாநாயகியின் குரலோ உயரத்திலேயே நின்று, மெலிந்து, இனிமையானது. அடிக்குரலில் கொஞ்சம் கரகரப்பு இருந்தால் அது கிளப் பாட்டுக்கு. எல்.ஆர். ஈஸ்வரியை அங்கேதான் நிறுத்தினார்கள். கோரஸ் பாடகியின் மகள், தானும் கோரஸில் தொடங்கி, 1961இல் 'பாசமலர்' தோழிப் பாட்டால் வீடுவீடாகத் தெரிய வந்தவர். கதாநாயகிக்குப் பாடும் வாய்ப்பு அவருக்கு அபூர்வம். ஆனால் கிறிஸ்தவரான அவர் பாடிய அம்மன் பாட்டுகள் இல்லாமல் எங்கள் ஊரில் ஆடி மாதம் விடியாது. வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து கிளம்பும் அந்தக் குரல் ஜவ்வாது மலை அடிவாரம்வரை போகும். படத்தில் கெட்ட பெண்ணுக்குக் கொடுத்த அதே தொண்டை கோயிலில் ஆத்தாளுக்கு. திண்ணையில் இதைப் பற்றி ஒருத்திக்கும் ஆச்சரியம் இருந்ததில்லை. "ஆத்தா என்ன மெல்லமாவா பேசுவா?" என்றார் ஒருத்தி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

இனி சின்ன ஆயாவின் சாட்சியம். நேரில் கேட்டதாகச் சொல்பவர் அவர் ஒருவர்தான். ஆயா கேட்டதெல்லாம் டூரிங் கொட்டகை 'ஔவையார்'. யானைகள் கோட்டையை இடிக்கிற காட்சியில் பயந்து அழுத பிள்ளைகள், மண்ணைக் குவித்து உட்கார்ந்தது, பாட்டு வரும்போது மட்டும் வாயில் முறுக்கோடு அப்படியே நின்ற கூட்டம் எல்லாம் ஆயாவுக்கு நினைவிருக்கிறது. ஆனால் சின்ன ஆயாவிடம் அது செல்லாது. "படத்துல கேட்டது கேட்டதா?" என்பார்.

அவர் கேட்டது ஒரு கோயில் திருவிழாவில். எந்த ஊர் என்று கேட்டால் மூன்று ஊர் சொல்வார். ஆனால் மற்றதெல்லாம் துல்லியம். பெண்கள் பக்கம் கயிறு கட்டியிருந்தது. மேடையில் மைக் இருந்தது, பாதியில் கரகரத்து நின்றது, அந்தம்மா நிறுத்தாமல் அதைக் கையால் ஒதுக்கிவிட்டுப் பாடினார். இடுப்பில் இருந்த கைக்குழந்தை தூக்கத்திலிருந்து விழித்தது, அழாமல் மேடைப் பக்கம் தலையைத் திருப்பியது. "எம்புள்ள அன்னிக்கி அழவே இல்லடி. அதான் எனக்கு நல்லா ஞாபகம்."

வருடம் தெரிந்தால் நன்றாக இருக்குமே என்று கணக்குப் போட்டேன். பிள்ளை யார்? இரண்டாவது மாமா. அவருடைய பள்ளிச் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன், பிறந்தது 1958 ஜூன். அப்படியானால் கச்சேரி 1959 வாக்கில், சுந்தராம்பாள் மேலவை உறுப்பினராக இருந்த காலம். வரலாற்று மாணவிக்கு ஒரு தேதி கிடைத்துவிட்ட சந்தோஷத்தோடு திண்ணைக்கு ஓடினேன்.

சின்ன ஆயா முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அந்தத் தேதி வாத்தியார் போட்டதுடி. ஸ்கூல்ல சேக்கறப்ப கை தலையைச் சுத்திக் காதைத் தொட்டுச்சு, அஞ்சு வயசுன்னு எழுதிட்டாரு. அவன் பொறந்தது புரட்டாசி மழையில."

"அப்ப எந்த வருஷம்?"

"அதான் சொல்றேனே, அழவே இல்லன்னு" என்றார். பக்கத்திலிருந்த ஆயா, "ஏழு கட்டைன்னா புள்ள அழுதிருக்கும். அஞ்சுதான்" என்றார்.