கடைச் சட்டமும் கடையில நிக்கிற நாங்களும்

அரியாலையில எங்கட வயதுப் பெடியள், பெட்டையள் கனபேர் காலமை கண்டி வீதியால யாழ்ப்பாணம் ரவுனுக்குக் கடை வேலைக்குப் போயினம். பூட்டுற நேரம் முதலாளி சொல்லுற நேரம்தான். காய்ச்சல் எண்டு ஒருநாள் நிண்டால் அண்டைய சம்பளம் வெட்டு. இதுக்கெல்லாம் சட்டம் இல்லை எண்டுதான் எங்களில பலர் நினைச்சுக்கொண்டிருக்கிறம். அந்தச் சட்டத்துக்கு வயது 70 தாண்டிவிட்டது.

ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியதால் 1953 ஓகஸ்ட் 12 இல் ஹர்த்தால் வெடித்தது. டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அடுத்து வந்த கொத்தலாவல காலத்தில்தான் 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நிறைவேறியது. சாப்பாட்டு நேரம் நீங்கலாக நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு. ஓவர்டைமும் கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது.

கணக்குப் பாருங்கோ. மாதச் சம்பளம் 36,000 எண்டால் 240 ஆல் பிரிக்க மணிக்கு 150 ரூபா, ஓவர்டைமுக்கு 225. ஆறு நாளும் பத்துப் பத்து மணித்தியாலம் நிண்டால் கிழமைக்கு 15 மணித்தியாலம் மேலதிகம். அதுவே சட்டத்தை மீறின கணக்கு. காசாகப் பார்த்தால் 3,375 ரூபா.

லீவு விசயத்தில சட்டமே கஞ்சத்தனம் எண்டுதான் சொல்லவேணும். ஆண்டு விடுமுறை 14 நாள். சுகயீனத்துக்கெண்டு தனி லீவு கிடையாது. சொந்த அலுவலுக்கும் வருத்தத்துக்கும் சேர்த்து அமய லீவு 7 நாள்தான். முதல் வருசத்தில இரண்டு மாதம் முடிஞ்சால் ஒரு நாள். டெங்கு வந்தால் என்ன செய்யிறது? கச்சேரிக் கிளாக்கருக்கு இதைவிடக் கனக்க இருக்கு.

அரச ஊழியர் அதை விலைகொடுத்துத்தான் வாங்கினார்கள். 1947 யூன் 5 இல் கொழும்பில் வேலைநிறுத்த ஊர்வலத்தில் கந்தசாமி என்ற தமிழ் எழுதுவினைஞர் பொலிஸ் சூட்டில் இறந்தார். 33 வருசம் கழித்து அதே நாளில், 1980 யூன் 5 இல், சோமபால என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். அடுத்த மாதம் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களில் ஏறத்தாழ 40,000 பேரை ஜே. ஆர். ஜெயவர்த்தன அரசு வீட்டுக்கு அனுப்பியது. தொழிற்சங்கங்களின் முதுகெலும்பு அதோடு முறிந்தது.

எங்கட பக்கம் அதன்பிறகு யுத்தம். 1995 ஒக்ரோபர் 30 இல் இதே கண்டி வீதியால, நாவற்குழிப் பாலத்தால சனம் இடம்பெயர்ந்து போனது. திரும்பிவந்து திறந்த கடையில வேலை கிடைச்சதே பெரிய காரியம் எண்டிருந்தவை ஓவர்டைம் கேட்பினமோ? அந்தப் பயம் அம்மா அப்பாவிடமிருந்து எங்களுக்கும் வந்திருக்கு.

வேலை நிபந்தனைகளை எழுத்தில் தரவேணும் எண்டும் அதே சட்டம் சொல்லுது. எங்களில ஒரு சிலரிடம்தான் அந்தக் கடிதம் இருக்கு. மற்றவை இப்ப வேலைக்கு ஏறுற, இறங்குற நேரத்தை ஒரு கொப்பியில எழுதி வைக்கினம். தொழில் திணைக்களத்தில முறைப்பாடு கொடுக்கப் போனால் முதல் கேள்வி அதுவாத்தான் இருக்கும்.