முன்பணமும் சுழல்நிதியும்

நமது வட்டாரத்தின் தொழில் வரலாற்றை எழுதப் புகுவோர், 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரிடமிருந்தே தொடங்குவது வழக்கம். அது முறையே. ஆயினும் அத்தொழிலைத் தாங்கிய பெண்களைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியோரும், வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டியோரும், பட்டாசு ஆபீசில் சரம் பின்னியோரும் பெரும்பாலும் நம் தாய்மாரும் சகோதரிகளுமே.

கரிசல் காட்டில் மழை பொய்த்த ஆண்டுகளில் இவ்வேலைதான் அடுப்பெரிய வைத்தது. அதை மறப்பது நன்றியன்று. ஆனால் கூலியோ செய்து முடித்த எண்ணிக்கைக்கு மட்டுமே. வீட்டில் திருமணமோ நோயோ வந்தால் உடனே கிடைத்தது ஆபீசின் முன்பணம். வாங்கிய வீட்டிலிருந்து ஆள் போயே தீரவேண்டும். தாயால் இயலாதபோது பிள்ளை போயிற்று. விடியுமுன் வந்த ஆபீஸ் வண்டியில் தூக்கக் கலக்கத்தோடு ஏறிய சிறுமிகளை நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள்.

இம்முன்பணத்துக்கு மாறான வேறொரு பணம் 1982-ல் பிறந்தது. மக்கள் வாயில் 'டுவாக்ரா' என வழங்கிய மத்திய அரசுத் திட்டம் அது. பெண்கள் குழு ஒன்றுக்கு 15,000 ரூபாய் சுழல்நிதி. மத்திய அரசு, மாநில அரசு, யுனிசெப் ஆகிய மூன்றும் 5,000 வீதம் ஈந்தன. பதினைந்து பேர் உள்ள குழுவில் தலைக்கு ஆயிரம்தான். கறவை மாட்டுக்கு அது போதாது. இரண்டொரு ஆட்டுக்குட்டிக்கோ, இட்லிக் கடைக்கோ ஆகும். ஆனால் அதற்காக யாரும் பிள்ளையை வண்டியேற்ற வேண்டியதில்லை. இதுவே பெரிய வேறுபாடு என்போம்.

தமிழக அரசு 1983-ல் மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தை அமைத்தது. அதன் குழுக்கள் 1989-ல் தருமபுரியில் தொடங்கின. 1997-98-ல் 'மகளிர் திட்டம்' என்னும் பெயரில் மாநிலமெங்கும் பரவின. இடையே எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், அபாயத் தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென 1996 டிசம்பர் 10-ல் தீர்ப்பளித்தது. பிள்ளையின் இடத்தில் குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித்தர வேண்டும். இயலாவிடில் அரசும் 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும் என்றது. பிள்ளையின் கூலி நின்றால் வீடு எதைக்கொண்டு நடக்கும் என்பதை நீதிபதிகளும் எண்ணிப் பார்த்தனர்.

குழுப் பணம் எல்லாம் தொழிலுக்கே போயிற்று என்று சொல்லத் துணியோம். பழைய முன்பணத்தை அடைக்கவும், மருத்துவச் செலவுக்கும் சென்றதுண்டு. கணக்குக் கேட்ட அதிகாரிகளுக்கு இது குறையாகப்பட்டிருக்கலாம். ஆபீஸ் கடன் தீர்ந்த வீட்டுக்கு அதுவே முதல் இலாபம். 'தொழில்முனைவோர்' என்ற பெரிய சொல்லை, தெருமுனையில் இட்லி விற்ற அக்காமார் எவருக்கும் நாம் சூட்டியதில்லை என்பதும் உண்மை.

உலக வங்கி உதவியோடு வந்த 'வாழ்ந்து காட்டுவோம்' திட்டம், தொழிற்கடனில் 30 விழுக்காட்டை மானியமாக அளிக்க முன்வந்தது. டுவாக்ராவின் ஆயிரத்தை விட இது பன்மடங்கு பெரிது. ஆனால் இதற்கு முதலில் வங்கிக் கடன் கிடைத்தாக வேண்டும். ஈடு கேட்கும் வங்கியின் முன், வீட்டுப் பத்திரம் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ உள்ள நம் சகோதரிகள் எதைக் காட்டுவார்கள்?