சட்டைப்பைக் கணினியும் சின்ன விமானமும்

ஜி.பி.எஸ். என்றால் இன்று நம் பேரப்பிள்ளைகளுக்குக் காரும் ஆட்டோவும், வாசலுக்கு வரும் பிரியாணியும்தான் ஞாபகம் வரும். அது பொதுமக்கள் கைக்கு வந்ததில் விமானங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதிலும் அமெரிக்காவில் சொந்தமாகச் சின்ன விமானம் ஓட்டுகிறவர்களின் கதை எனக்கு மிகவும் பிடித்தது.

முதலில் ஒரு சோகம். 1983 செப்டம்பர் 1 அன்று சியோலுக்குப் போய்க்கொண்டிருந்த கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழி விலகி சோவியத் வான்வெளிக்குள் நுழைந்தது. போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியதில் 269 பேரும் மாண்டார்கள். அதன் பிறகுதான், ராணுவத்துக்காக உருவாகிவந்த ஜி.பி.எஸ். பொதுமக்களுக்கும் கிடைக்கும் என்று அதிபர் ரீகன் அரசு அறிவித்தது.

கொடுத்தார்கள், ஆனால் முழுசாகக் கொடுக்கவில்லை. எதிரிக்குப் பயன்படக்கூடாதே என்று, பொதுமக்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே கொஞ்சம் கெடுத்து அனுப்பினார்கள். அதனால் 100 மீட்டர் வரை பிசகும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளின்டன் இதை நிறுத்தினார்.

அதே ஆண்டில்தான் காம்பேக் நிறுவனத்தின் ஐபேக் என்ற கையடக்கக் கணினி வந்தது. வண்ணத் திரை, விலை சுமார் 500 டாலர். விமானத்தின் பேனலில் பொருத்தும் அங்கீகாரம் பெற்ற கருவியோ பல ஆயிரம் டாலர். அங்கே பறந்த சின்ன விமானங்களில் பல 1960, 70களில் செய்தவை. அவற்றின் சொந்தக்காரர்களுக்கு அந்தச் செலவு கட்டுபடியாகுமா? ஐபேக்கில் ஒரு மென்பொருளைப் போட்டு, ஜி.பி.எஸ். ரிசீவரை ஒயரில் இணைத்து, தொடையில் பட்டையால் கட்டிக்கொண்டு பறந்தார்கள்.

அதுவரை அவர்களுக்குத் துணை 1:5,00,000 அளவு காகித வரைபடம், திசைகாட்டி, கடிகாரம். கீழே ஆறு, ரயில் பாதை, நெடுஞ்சாலை பார்த்து இடத்தை அனுமானிக்க வேண்டும். இப்போதோ வரைபடத்தின் மேல் தங்கள் விமானமே நகர்வதைக் கண்ணால் பார்த்தார்கள். எஞ்சின் நின்றால் மிதந்தபடியே எந்த ஓடுதளத்தை எட்டலாம் என்று காட்டும் மென்பொருள்கூட வந்தது. எஞ்சின் இல்லாத கிளைடர் ஓட்டுகிறவர்களுக்கு எக்ஸ்சி சோர் என்ற மென்பொருள் இன்றைக்கும் இலவசம்.

தொல்லைகளும் இருந்தன. திரை சிறியது. முக்கியமாக, பேட்டரி அடியோடு தீர்ந்தால் ஐபேக்கில் நாம் ஏற்றிய மென்பொருளும் அழிந்துவிடும்! அதனால் விமானத்தின் சிகரெட் லைட்டர் துளையில் சொருகியே வைத்தார்கள்.

இந்த வசதி வெறும் பொழுதுபோக்கு அல்ல. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் வாஷிங்டனைச் சுற்றிப் பறக்கக் கடும் கட்டுப்பாடு வந்தது. 2005 மே 11 அன்று இரண்டு பேர் போன ஒரு செஸ்னா 150 வழி தவறி உள்ளே வந்துவிட்டது. வெள்ளை மாளிகையிலிருந்தும் நாடாளுமன்றத்திலிருந்தும் ஆட்களை அவசரமாக வெளியேற்றினார்கள். எஃப்-16 விமானங்கள் எச்சரிக்கைத் தீப்பொறி வீசின. நல்லவேளை, சுடவில்லை. 1983-இல் நடந்ததை நினைத்தால் இதன் பயங்கரம் புரியும்.

ஆனால் இடம் தெரிந்தால் மட்டும் போதுமா? 1999 ஜூலை 16 இரவு, அதிபர் கென்னடியின் மகன் ஜான் ஓட்டிய விமானம் கடலில் விழுந்தது. மனைவியும் அவருடைய அக்காவும் உடன் இறந்தார்கள். அந்த விமானத்தில் ஜி.பி.எஸ். இருந்தது. இருட்டில், கடலுக்கு மேல், அடிவானம் தெரியாமல் உடல் உணர்வு ஏமாற்றியதால் கட்டுப்பாட்டை இழந்தார் என்பது விசாரணையின் முடிவு.

2010-இல் ஐபேட் வந்ததும் ஐபேக் காலம் முடிந்தது. பெரிய விமானங்களின் பைலட்டுகளும் 16 கிலோ காகிதப் பையை விட்டு ஐபேடுக்கு மாறினார்கள். பாதை போட்டுக் கொடுத்தவர்கள் அந்தச் சின்ன விமானக்காரர்கள் என்றே நான் நினைக்கிறேன். இவ்வளவுக்குப் பிறகும் அங்கே பயிற்சி பைலட்டுகள் வரைபடமும் திசைகாட்டியும் வைத்து வழி கண்டுபிடிக்கக் கற்றுத்தான் ஆக வேண்டும். அது சரியான ஏற்பாடு. நாம் எங்கே இருக்கிறோம் என்பதைக் கருவி சொல்லும். இன்று புறப்படலாமா, பாதியில் திரும்பலாமா என்பதை மனிதன்தான் முடிவு செய்ய வேண்டும்.