வண்ணம் ஏற்றிய முகங்கள்

தஞ்சை வட்டாரத்துப் பழைய வீடுகளில், கூடத்துச் சுவரில் சற்றே முன்சாய்ந்து தொங்கும் முன்னோர் படங்களுள் சில முழுக்கவும் புகைப்படங்கள் அல்ல. முகம் காமிரா தந்தது. புடவையின் அரக்கு நிறமும் தோட்டின் சிவப்பும் தூரிகை தந்தவை. ஓவியத்தைப் பற்றி எழுதியோரும் புகைப்படத்தைப் பற்றி எழுதியோரும் நெடுங்காலம் இவற்றைப் பொருட்படுத்தவில்லை.

தஞ்சையில் 1855-இல் மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறக்க, அரசு கம்பெனியிடம் போயிற்று. மூன்றாண்டு கழித்து, சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். விமானத்து அடித்தளக் கல்வெட்டுகளை 21 அச்சுகளாக ஒட்டிய அவரது நீள்படம் ஏறத்தாழ 19 அடி. அத்தனை துல்லியம் பார்த்தவரே, தம் நெகட்டிவ்கள் சிலவற்றில் மேகங்களைத் தூரிகையால் சேர்த்தார் என்பது வேடிக்கை. புகைப்படம் ஒருபோதும் கலப்பற்றதாக இருந்ததில்லை.

பின்னர் ஊருக்கு ஊர் ஸ்டுடியோக்கள் வந்தபோது, கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணமேற்றும் வேலை ஓவியர் கைக்குப் போயிற்று. முகத்தில் நிழல் மறையாதபடி நீர்த்த வண்ணம். நகைக்கு மட்டும் கெட்டி வண்ணம். இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. தஞ்சாவூர் ஓவியத்தில் நகையைச் சுண்ணப் பசையால் புடைப்பாக்கி, தங்கரேக்கு ஒட்டி, கண்ணாடிக் கல் பதிப்பார்கள். அணி இல்லாத தெய்வம் அங்கே முற்றுப்பெறாத தெய்வம். அந்தக் கண்ணே குடியானவர் வீட்டுப் பெண்ணையும் பார்த்தது என்று தோன்றுகிறது.

காவிரிப் பாசனத்தில் பெண்களின் நகைக்கு ஒரு பருவச் சுழற்சி உண்டு. ஆடியில் நடவுச் செலவுக்கு அடகுக்கடைக்குப் போகும். தையில் சம்பா அறுத்தபின் வீடு திரும்பும். திரும்பாத ஆண்டுகளும் உண்டு.

எங்கள் அப்பாயியின் படத்தில் காதில் சிவப்புக்கல் தோடு. சென்ற ஆண்டு வெள்ளையடிக்கப் படத்தை இறக்கியபோது, ஈரம் பட்டு ஒரு காதில் வண்ணம் உதிர்ந்திருப்பதைக் கண்டேன். அடியில், காதுத்துளை தூர்ந்துவிடாமல் செருகிய வேப்பங்குச்சி.

அத்தையிடம் காட்டினேன். "அந்த வருஷம் தோட்ட மீக்கவே இல்லப்பா. படக்காரர்தான் போட்டுவிட்டாரு" என்றார். மாலைவரை படத்தை மடியிலேயே வைத்திருந்தார். உதிர்ந்த இடத்தில் வண்ணம் தீட்டித் தருவதாக ஒரு கடைக்காரர் சொல்கிறார். நான் இன்னும் கொடுக்கவில்லை.