சட்டை சொல்லும் சரித்திரம்

பரிசளிப்பு விழா என்றாலே நம் பிள்ளைகளின் கண்கள் மேடைமேல் அடுக்கியிருக்கும் கிண்ணங்களின் மீதுதான் இருக்கும். கடையில் வாங்கினால் அந்தக் கிண்ணம் சில வெள்ளிதான். ஆனால் அதை வென்ற பிள்ளைக்கும், பார்த்துப் பூரிக்கும் தாய்க்கும் அது விலைமதிப்பற்றது. பொருளின் விலை வேறு. அதனோடு ஒட்டியிருக்கும் சரித்திரத்தின் விலை வேறு. இந்த உண்மையை உலகத்துக்கே எடுத்துக்காட்டிய ஒரு பழைய சட்டையின் கதையை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

2022ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள், சோத்பீஸ் என்னும் புகழ்பெற்ற ஏல நிறுவனம் நீல நிறக் காற்பந்துச் சட்டை ஒன்றை ஏலம் விட்டு முடித்தது. விலை 71 லட்சத்து 42 ஆயிரத்து 500 பவுண்டு! “ஏன்யா, வேர்த்து நனைஞ்ச பழைய சட்டைக்கா இவ்வளவு காசு?” என்று கேட்கத் தோன்றும். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. “அது அந்தச் சட்டைதான்னு எப்படித் தெரியும்?”

அந்த ஒரு நாள்

1986ஆம் ஆண்டு ஜூன் 22. மெக்சிகோ நாட்டின் அஸ்டெகா அரங்கத்தில் உலகக் கிண்ணக் காலிறுதி ஆட்டம். ஒரு பக்கம் அர்ஜென்டினா, மறு பக்கம் இங்கிலாந்து. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1982இல், பாக்லாந்து தீவுகளுக்காக இவ்விரு நாடுகளும் போரிட்டிருந்தன. ஆகவே அது வெறும் பந்தாட்டமாக இருக்கவில்லை. ஒரு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் அரங்கத்தில் கூடியிருந்தனர்.

இடைவேளைக்குப் பிறகு 51ஆவது நிமிடத்தில், இங்கிலாந்து ஆட்டக்காரர் ஸ்டீவ் ஹாட்ஜ் உதைத்த பந்து தம் பக்கத்துக் கோல் முனைக்கே உயர்ந்து சென்றது. அர்ஜென்டினாவின் மரடோனா எகிறிக் குதித்து, கையால் தட்டிப் பந்தைக் கோலுக்குள் தள்ளிவிட்டார். நடுவர் கவனிக்கவில்லை; கோல் என்று அறிவித்தார். ‘கடவுளின் கை’ என்று உலகம் பேசிய கோல் அதுதான். நான்கு நிமிடம் கழித்து, பாதித் திடலைத் தாண்டிப் பந்தை உருட்டிச் சென்று, குறுக்கே வந்தவரையெல்லாம் ஏமாற்றி இன்னொரு கோல் போட்டார். ‘நூற்றாண்டின் கோல்’ என்று பின்னாளில் புகழப்பட்டது இது. அர்ஜென்டினா 2–1 என்று வென்றது.

ஆட்டம் முடிந்து உள்ளே திரும்பும் வழியில் ஹாட்ஜ் மரடோனாவிடம் சட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். அவரும் கழற்றிக் கொடுத்தார். பின்னர் அந்தச் சட்டை சுமார் 20 ஆண்டுகள் இங்கிலாந்தின் தேசியக் காற்பந்து அருங்காட்சியகத்தில் இரவலாக வைக்கப்பட்டிருந்தது.

அவசரத்தில் பிறந்த சட்டை

இந்தச் சட்டை பிறந்த கதையும் சுவையானது. அதற்கு முந்திய ஆட்டத்தில் அர்ஜென்டினா குழு அணிந்த நீலச் சட்டைகள் கனமான பருத்தித் துணி. நண்பகல் வெயிலில் வியர்வையில் ஊறிக் கனத்துவிடும் என்று பயிற்சியாளர் பிலார்டோ கவலைப்பட்டார். தயாரித்துக் கொடுத்த நிறுவனத்திடம் கேட்டால் நாள் போதாது என்று கைவிரித்துவிட்டார்கள். என்ன செய்வது? குழுவின் அலுவலர் ஒருவர் மெக்சிகோ நகரத்துக் கடைகளில் ஏறி இறங்கி, மெல்லிய நீலச் சட்டைகளைத் தேடிப் பிடித்தார். அவசரம் அவசரமாகத் தையற்காரப் பெண்களை வைத்துச் சின்னத்தைத் தைத்தார்கள். வெள்ளி நிறத்தில் மின்னும் எண்களை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினார்கள்.

கடைச் சரக்குதானே என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். இந்த அவசர வேலைதான் முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து உண்மையைக் காப்பாற்றியது!

வழக்கு வந்தது

ஏலச் செய்தி வெளியானதும், 2020இல் காலமான மரடோனாவின் மகள் டால்மா மறுப்புத் தெரிவித்தார். ஹாட்ஜிடம் உள்ளது முதல் பாதியில் அப்பா அணிந்த சட்டை. கோல் போட்ட சட்டை அதுவல்ல என்றார். பெற்ற மகளே சொல்லும்போது யார் மறுத்துப் பேச முடியும்? இடைவேளையில் மரடோனா சட்டை மாற்றியதும் உண்மைதான்.

இங்கேதான் புகைப்பட ஒப்பீடு என்னும் முறை துணைக்கு வந்தது. அந்தக் கோல்களை எடுத்த படங்கள் ஏராளம். அவற்றைப் பெரிதாக்கி, சட்டையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மார்பில் தைத்த சின்னம் எந்தக் கோட்டின் மேல் எவ்வளவு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது? எண்ணின் ஓரம் எந்த இடத்தில் முடிகிறது? கையால் செய்த வேலை ஒன்றைப்போல் மற்றொன்று இருக்காது. ஒரே துணிக்கடை, ஒரே நிறம். ஆனாலும் இரண்டு சட்டைக்கும் வித்தியாசம் தெரிந்தது. சின்னம், கோடுகள், எண் ஆகிய மூன்றையும் வைத்து, இரண்டு கோல்களின்போதும் அணிந்த சட்டை இதுவே என்று ஏல நிறுவனம் அறிவித்தது.

மகள் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்பா மீதுள்ள பாசத்தில், தமக்குத் தெரிந்ததைச் சொன்னார். ஆனால் பாசம் வேறு, சாட்சி வேறு.

சாயம் வெளுத்தது

எல்லாச் சட்டையும் இப்படிப் பரீட்சையில் தேறுவதில்லை. அமெரிக்காவில் பேஸ்பால் விளையாட்டுக்கென்று கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில் புகழ் மண்டபம் ஒன்று உள்ளது. 1990களின் இறுதியில், ஒரு பெரிய சேகரிப்பாளரின் பொருள்கள் பல அங்கே வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்று, ஜோ ஜாக்சன் என்ற ஆட்டக்காரர் 1919இல் அணிந்ததாகச் சொல்லப்பட்ட சட்டை. சேகரிப்பாளருக்குப் பெரிய பெயர், யாரும் சந்தேகப்படவில்லை. பின்னர் சோதித்தபோது, சட்டையில் இருந்த எழுத்தின் சாயத்தில் அக்ரிலிக் என்னும் பொருள் இருப்பது தெரிந்தது. அந்தச் சாயமோ 1941க்கு முன்பு உலகத்திலேயே கிடையாது! 1919இல் அணிந்த சட்டைக்கு அது எங்கிருந்து வந்திருக்கும்? பெரிய மனிதரின் பேச்சைவிட ஒரு துளிச் சாயம் உரக்கப் பேசிவிட்டது.

இதைவிட மோசம், தெரிந்தே செய்த மோசடி. 1990களில் பேஸ்பால் வீரர் டோனி குவின், தம் பெயரில் போலிக் கையெழுத்துப் பொருள்கள் விற்கப்படுவதைப் பார்த்துப் புலனாய்வுத் துறையிடம் சொன்னார். ‘ஆப்பரேஷன் புல்பென்’ என்ற பெயரில் நடந்த விசாரணையில் பெரிய போலிக் கும்பல் ஒன்று பிடிபட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் போலிகளோடு ‘இது அசல்’ என்ற சான்றிதழும் சேர்ந்தே விற்கப்பட்டது. கையெழுத்தைப் போலியாகப் போடத் தெரிந்தவனுக்குச் சான்றிதழைப் போலியாக அடிப்பதா கஷ்டம்?

இதற்குப் பிறகு 2001இல் அமெரிக்கப் பேஸ்பால் சங்கம் புது ஏற்பாடு செய்தது. ஆட்டம் நடக்கும்போதே ஒரு சாட்சி அருகில் உட்கார்ந்திருப்பார். பந்து திடலை விட்டு வெளியே வந்ததும், கண்ணெதிரே எண்ணிட்ட முத்திரை ஒட்டப்படும். இந்த வேலைக்குப் போலீஸ் துறையில் பணியாற்றியவர்களையே பெரும்பாலும் அமர்த்தினார்கள். அவர்களுக்கு விளையாட்டு நுணுக்கம் தெரிய வேண்டியதில்லை. ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று தவறாமல் குறிக்கத் தெரிந்தால் போதும்.

நிபுணர் என்பவர் யார்?

அப்படியானால் நிபுணர் என்று யாரை நம்புவது? என் சிற்றறிவுக்கு எட்டிய நான்கு கேள்விகளைச் சொல்கிறேன்.

முதலாவது, அவருடைய தேர்ச்சி இந்தப் பொருளில்தானா? கையெழுத்தில் கெட்டிக்காரருக்குத் துணியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டாவது, “நான் சொல்றேன், நம்பு” என்கிறாரா, அல்லது “இதோ பார்” என்று காட்டுகிறாரா? மூன்றாவது, அசல் என்று சொன்னால் அவருக்கு என்ன லாபம்? விற்பவரே சான்றிதழ் எழுதினால், அது மாடு விற்பவன் மாட்டைப் புகழ்வது மாதிரிதான். நான்காவது, “எனக்குத் தெரியலே” என்று சொல்லும் தைரியம் அவருக்கு உண்டா? எதைக் கொடுத்தாலும் அசல் என்பவரின் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை.

சட்டமும் இதையே சொல்கிறது. நம் மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம், 45ஆவது பிரிவில், தனித்தேர்ச்சி பெற்றவரின் கருத்தை நீதிமன்றம் கேட்க இடம் தருகிறது. அதோடு நின்றுவிடவில்லை. 51ஆவது பிரிவில், அந்தக் கருத்துக்கு ஆதாரம் என்ன என்பதையும் பார்க்கலாம் என்கிறது.

இது படித்தவர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று தோட்டத்துப் பெற்றோர்கள் ஒதுங்க வேண்டாம். பால் ஸ்டோரில் பாலை நிறுக்கும்போது நம் பெரியவர்கள் தராசு முள்ளை எட்டிப் பார்த்தார்கள் அல்லவா? கிராணி நல்லவரா கெட்டவரா என்பது ஒரு பேச்சு. முள் எங்கே நிற்கிறது என்பது வேறு பேச்சு. அந்த எட்டிப் பார்க்கும் பழக்கம்தான் எல்லா ஆராய்ச்சிக்கும் ஆரம்பம். சொல்பவர் யார் என்பதோடு நின்றுவிடாமல் சொன்னது மெய்யா என்று பார்க்கும்படி வள்ளுவப் பெருந்தகையும் நமக்குக் கற்பித்திருக்கிறார்.

மாணவச் செல்வங்களே!

பசார் மாலாமில் தொங்கும் ஜெர்சியைப் பார்த்து, “அசல்தானா, அண்ணே?” என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எப்படித் தெரியும் என்றும் கேளுங்கள். செய்தித்தாளில் படித்ததையும், ஏன், இந்தக் கட்டுரையில் நான் சொன்னதையும்கூட அப்படியே கேளுங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். இன்று மேடையில் நீங்கள் பரிசு வாங்கும் படத்தின் பின்புறத்தில் நாள், இடம், உடன் நிற்பவர்களின் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். வீட்டில் தாத்தாவின் பழைய காற்பந்துக் குழுப் படம் இருந்தால், அவர் இருக்கும்போதே ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மரடோனாவின் சட்டைக்கு ஆயிரம் படங்கள் சாட்சி சொன்னது. நம் தோட்டத்துத் திடல்களில் ஆடியவர்களுக்கு அத்தனை படங்கள் கிடையாது. நாம் எழுதி வைக்கும் இரண்டு வரிதான் சாட்சி. அது இல்லாவிட்டால், “யாரோ, எப்பவோ ஆடினாங்க” என்று ஒரு தலைமுறையின் பெருமையே பெயரில்லாமல் போய்விடும்.

உண்மைக்குச் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியை இன்றே எழுதி வைப்போம்!