டாட்காம்: வாலுக்கு வந்த வாழ்வு

'டாட்காம் கம்பெனி'ன்னு சொல்றோமே, அந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சு? பார்க்கப்போனா அது ஒரு முகவரியோட வால், அவ்வளவுதான்.

1984 அக்டோபரில் ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் இணைய முகவரிகளை வகை பிரிக்க ஒரு திட்டம் எழுதினாங்க. கல்விக்கு எடு, அரசுக்கு காவ், ராணுவத்துக்கு மில், வணிகத்துக்கு காம். 'கமர்ஷியல்' என்பதன் சுருக்கம். முதல் டாட்காம் முகவரி, 1985 மார்ச் 15-ல் பதிவான சிம்பாலிக்ஸ்.காம். வேடிக்கை என்னன்னா, அவங்க இணையத்துல கடை போட்டவங்க இல்லை, கம்ப்யூட்டர் செஞ்சு வித்தவங்க :-)

1990களின் பின்பாதியில் வலை பரவினதும், அதை நம்பியே பிழைக்கிற நிறுவனங்களுக்கெல்லாம் அந்த வாலே பேராச்சு.

நம்ம சென்னையிலும் இந்தக் காய்ச்சல் அடிச்சது. இங்கே தலைமையிடம் கொண்ட சத்யம் இன்ஃபோவே (பிற்பாடு சிஃபி), 1999 அக்டோபரில் நாஸ்டாக் சந்தையில் 18 டாலர் விலையில் பங்கு வெளியிட்டது. அடுத்த மாசமே இண்டியாவேர்ல்டை 499 கோடி ரூபாய்க்கு வாங்குறதா அறிவிச்சது. சமாச்சார், கேல், கோஜ், பாவர்ச்சி என்று சில தளங்கள். ஆலையோ நிலமோ இல்லை. விலை முழுக்க வாசகர் கூட்டத்துக்கும் வரப்போற காலத்துக்கும்தான்.

2000 மார்ச் 10-ல் நாஸ்டாக் குறியீடு 5,048. 2002 அக்டோபரில் 1,114. மந்திரச் சொல்லா இருந்த 'டாட்காம்' கேலிச் சொல்லாச்சு.

இது புதுக் கூத்தும் இல்லை. 1840களில் இங்கிலாந்துல 'ரயில்வே' என்ற சொல்லுக்கு இதே மவுசு. பங்கு வாங்கி நொந்தவங்க ஏராளம். அதற்குச் சில வருஷம் கழிச்சு லண்டன் முதலீட்டில் வந்ததுதான் மெட்ராஸ் ரயில்வே. 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி ஓடத் தொடங்கியது. ஆனா ஒரு பெரிய வித்தியாசம். ரயில் பங்குதாரருக்கு 5 சதவீத வட்டி உத்தரவாதம். வருமானம் குறைஞ்சா துண்டு விழுறதை நிரப்பினது இந்திய வரிப்பணம். டாட்காமில் போட்டவருக்கு அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை, போனது அவர் பணம்.

1908-ல் மெட்ராஸ் ரயில்வே வேறொரு கம்பெனியோட இணைஞ்சு, அந்தப் பேரே மறைஞ்சுபோச்சு. ராயபுரம் ஸ்டேஷன் மட்டும் இன்னிக்கும் நிக்குது. டாட்காம் கதையும் அப்படித்தான். பேரு மங்கிப்போச்சு, அப்போ போட்ட கேபிளும், திரையைப் பார்த்துப் பொருள் வாங்கப் பழகின பழக்கமும் தங்கிடுச்சு.

அடுத்த தடவை ஏதாவது ஒரு புதுச் சொல்லைக் காட்டி யாராச்சும் பணம் கேட்டா, தண்டவாளம் எங்கேன்னு முதல்ல கேளுங்க. நட்டம் வந்தா யார் தலையில்னு அடுத்துக் கேளுங்க.